இணைக்காத கேபிள்

அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம். நெட்வொர்க்கிங் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்தே, "ப்ரோகிராம நான் பாத்துக்கறேன், நீ கம்பியப் பாரு" என்று நாத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாத்தனாரும் மறுபேச்சுப் பேசாமல் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளையும் நிறம் பார்த்து வரிசைப்படுத்தி, பிளக்கில் நுழைத்து, கருவியால் அழுத்தி அழுத்திப் பழகினாள். மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் அவள். பயிற்சிக்கூட உதவியாளர் வேலை கிடைத்தால் தனி வீடு பார்க்கலாம் என்று நினைத்திருந்தாள். அண்ணிக்கு அந்த வேலை வேண்டும் என்பதைவிட, தான்தான் முதல் என்று நாலு பேர் சொல்ல வேண்டும்.

அந்த வேலைக்கான தேர்வின் விதி எளிது. ஜோடிக்கு ஒரே ப்ரோகிராம், ஆளுக்கொரு கேபிள். வைஃபையை அணைத்துவிட்டுத் தன் கேபிளால் இரண்டு கணினிகளை இணைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். கேபிளைச் சோதிக்கும் கருவி, வகுப்பெடுக்கும் மேடத்தின் மேசையில் இருந்தது. முடியும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது.

அண்ணி முதலில் போனாள். கேபிளைச் செருகினாள், பொத்தானைத் தட்டினாள். எதிர்த் திரையில் செய்தி பளிச்சென்று வந்தது. மேடம் தலையசைத்தார். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து நாத்தனார். இரண்டு கணினிகளிலும் வைஃபையை நிதானமாக அணைத்தாள். அதைப் பார்த்ததும்தான் அண்ணிக்கு உறைத்தது. தான் அணைக்கவே இல்லை. ப்ரோகிராமில் அவள் எழுதியிருந்த எதிர்க் கணினியின் முகவரியும் வைஃபையுடையதுதான். செய்தி காற்றில் போயிருக்கிறது, கேபிள் சும்மா அலங்காரத்துக்குக் கிடந்திருக்கிறது. இந்த ப்ரோகிராம் யார் கேபிளிலும் போகாது.

நாத்தனாரின் செய்தி போகவில்லை. மூன்று தடவை தட்டினாள்.

"கம்பி சரியா உக்காரல போல அண்ணி?"

"பாத்துச் செய்யணும்ல," என்றாள் அண்ணி. தன் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

நாத்தனார் கம்பி வெட்டும் கருவியை எடுத்து பிளக்கைத் துண்டித்தாள். நல்ல கேபிள் அது. அண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மேடம் சம்பிரதாயத்துக்காக அண்ணியின் கேபிளைக் கருவியில் செருகினார். கம்பிக்கு ஒன்றாக இருந்த எட்டு விளக்குகளில் இரண்டு எரியவில்லை.

"இது எப்படிங்க செய்தி அனுப்புச்சு?"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. அண்ணிக்கு முகமெல்லாம் எரிந்தது.

"வைஃபைய அணைக்க மறந்துட்டேன் மேடம். முகவரியும் அதோடதுதான். இப்பதான் தோணுச்சு."

"பரவால்ல, எல்லாருக்கும் நடக்கறதுதான்," என்றார் மேடம். முகவரியைத் திருத்தச் சொல்லி, நாத்தனாருக்கு மறுவாய்ப்புக் கொடுத்தார். அவள் புது பிளக் போட்டாள். செய்தி போனது. வேலையும் அவளுக்கே என்றார். யாரோ கைதட்ட, அண்ணியும் தட்டினாள். உள்ளே கூனிக் குறுகிப் போயிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெட்டிப்போட்ட பிளக் நாத்தனாரின் கையில் இருந்தது. அதை உருட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"அண்ணி, நான் வைஃபைய அணைச்சப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுல்ல?"

வாய் நீளமான அண்ணி ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். நாத்தனார் பிளக்கைப் பைக்குள் போட்டு, பையை மூடினாள்.