பழைய கார்டு திரும்பி வந்த ஞாயிறு

காது கேளாத குழந்தைகளுக்கான சைகைமொழிப் பாடங்களை வீடியோவாகத் தொகுத்துக் கொடுப்பது அவள் வேலை. விரல் மடங்குவதும் விரிவதும்தான் அங்கே எழுத்து. அவளுடைய கம்ப்யூட்டரோ கொஞ்ச காலமாகவே வேகமான கைகளைக் கண்டால் திக்கித் திணறியது. திரையில் ஒரு கை மேலே போகும், காணாமல் போகும், பிறகு தாடைக்குப் பக்கத்தில் முளைக்கும். எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்று குத்துமதிப்பாகத்தான் செய்துகொண்டிருந்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, அவளிடம் சொல்லாமலே திரையில் படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்டு ஒன்றைப் புதிதாக வாங்கி வந்தார். சனிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்த நேரத்தில் பழைய கார்டைக் கழற்றி, இணையத்தில் விளம்பரம் பார்த்து வந்த ஒரு நர்ஸிடம் விற்றும்விட்டார். ஞாயிறு காலை புதியதை மாட்டி, அவளைக் கூப்பிட்டுப் பொத்தானை அமுக்கச் சொன்னார்.

விசிறிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது.

“லிஃப்டையே கட்டி இழுக்கிறவன் நான். இது ஒரு பெரிய விஷயமா?” என்றவர், கார்டைக் கழற்றி ‘டக்’கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்தி மாட்டினார். மின்வயர்களைப் பிடுங்கிச் செருகினார். திரைக்குப் போகும் கேபிளை மாற்றினார். மெமரியைக்கூட எடுத்துத் துடைத்து வைத்தார். மதர்போர்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மட்டும் அசையாமல் எரிந்தது. அந்த விளக்கு எரிந்தால் படம் காட்டும் இடத்தில் கோளாறு என்று கையேட்டில் இருந்தது. அது அவர்களுக்கே தெரிந்த சங்கதி.

மறுநாள் காலை முதல் பாடம் பள்ளிக்குப் போயாக வேண்டும். அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

“பழைய கார்டு இருந்தா, கோளாறு கார்டுலயா போர்டுலயான்னாவது தெரிஞ்சிருக்கும்” என்று முணுமுணுத்தார்.

“அந்த நர்ஸுக்கு போன் பண்ணுங்க.”

“வித்த பொருளை எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு திருப்பிக் கேக்கிறது?”

“நம்பரைக் குடுங்க. நான் கேக்கிறேன்.”

நர்ஸ் விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “என்ன பாடம்க்கா அது?” இவள் சொன்னாள்.  “எங்க வார்டுக்கும் அந்த மாதிரி பிள்ளைங்க வரும். எங்க வலிக்குதுன்னு கேக்கக்கூட எனக்குத் தெரியாது. இருங்க, கழட்டி எடுத்துட்டு வரேன்.”

மதியம் சாப்பாட்டு வேளைக்கு முன்பே, துண்டில் சுற்றிய கார்டோடு வாசலில் நின்றாள். தலையில் ஈரம்கூடக் காயவில்லை. வாரத்தில் அவளுக்குக் கிடைக்கிற ஒரே விடுமுறை அது. அவள் உள்ளே வந்ததும், கணவர் கார்டையும் மெமரியையும் சேர்த்தே மாற்றிப் பார்க்கலாமா என்று கிளம்பினார்.

“வேணாம்ண்ணா. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துவோம். ரெண்டு மருந்தைச் சேர்த்து மாத்தினா எது கேட்டுச்சுன்னு எங்களுக்கே தெரியாது.”

பழைய கார்டை மாட்டினார்கள். மனைவி பொத்தானை அமுக்கினாள். சிவப்பு விளக்கு மினுக்கி அணைந்தது. திரையில் வெளிச்சம் வந்தது.

“அப்பாடா, போர்டுக்கு உயிர் இருக்கு” என்றாள் நர்ஸ், நாற்காலியில் சாய்ந்தபடி.

அப்படியானால் புது கார்டுதான் பழுதோ என்று மனைவியின் முகம் வாடியது. அதற்குள் கணவர் போர்டு செய்த நிறுவனத்தின் பக்கத்தைப் போனில் தேடிப் படித்துக்கொண்டிருந்தார். “இங்க பாரு. போர்டுல இருக்கிற பயாஸ், அதான் கம்ப்யூட்டரை எழுப்பிவிடுற புரோகிராம், ரொம்பப் பழசு. அதைப் புதுப்பிச்சாதான் இந்த மாதிரி புது கார்டை அடையாளம் தெரியுமாம். நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளி யாருன்னே தெரியாம கதவைச் சாத்தி வச்சிருக்கு.”

படம் தெரிந்தால்தானே புதுப்பிக்க முடியும்? பழைய கார்டு வராமல் இருந்திருந்தால் கறுப்புத் திரைக்கு முன்னால் கணவனும் மனைவியும் கைகட்டி உட்கார வேண்டியதுதான். பயாஸ் மாறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகக் கூடாது என்பதால், கணவர் ஸ்விட்ச் பக்கம் யாரும் போகாதபடி சுவரோடு சுவராக நின்றார். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு திரையில் மெல்ல நகர்ந்து முடிந்தது. பழைய கார்டை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினார்கள். திரை பளிச்சென்று எழுந்தது.

அவள் பாடத்தை ஓடவிட்டாள். ஆசிரியையின் கைகள் மேலே போயின, திரும்பின, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. ஒன்றுகூடத் தொலையவில்லை. நர்ஸ் திரையைப் பார்த்தபடியே தன் கையை அதேபோல் மடக்கிப் பார்த்தாள். “இதுக்கு என்னக்கா அர்த்தம்?”

“வலிக்குதான்னு கேக்கிறது. எந்த இடத்துக்கு நேரா காட்டுறமோ அந்த இடம்.”

நர்ஸ் வயிற்றுக்கு நேராகக் காட்டினாள், பிறகு காதுக்கு. அவளால் நிறுத்த முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கடிகாரத்தைப் பார்த்துப் பதறினாள். அவளுடைய கணவன் கப்பலில் வேலை பார்க்கிறவன். ஞாயிறு சாயங்காலம் துறைமுகத்தில் இருந்தால் இருவரும் சேர்ந்து கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். அந்தக் கார்டை வாங்கியதே அதற்காகத்தானாம். பஸ் பிடித்துப் போனால் நேரமாகிவிடும்.

மெக்கானிக்கும் மனைவியும் நர்ஸைத் தங்கள் காரிலேயே கொண்டுபோய் விட்டார்கள். அங்கே கம்ப்யூட்டரைத் திறந்து ஸ்க்ரூடிரைவரோடு குனிந்த மெக்கானிக்கிடம் நர்ஸ், “நீங்க டார்ச் மட்டும் பிடிங்கண்ணா” என்று சொல்லிவிட்டுத் தானே மாட்டினாள். ஸ்பீக்கரில் ஓர் ஆண்குரல், “எங்க போயிட்ட? எவ்ளோ நேரமா காத்துக்கிட்டிருக்கேன்” என்றது. அவள் சிரித்துக்கொண்டே ஹெட்போனை எடுத்து மாட்டினாள்.

மனைவி நர்ஸின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.  நர்ஸே அந்தக் கையைத் தட்டிக்கொடுத்து, “போய் பாடத்தை முடிங்கக்கா” என்றாள். சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு இருவரும் படியிறங்கினார்கள்.

காரைக் கிளப்பியவர் சாலையைப் பார்த்தபடியே, “இனிமே உன்னைக் கேக்காம ஒரு ஆணிகூடக் கழட்ட மாட்டேன்” என்றார்.

“கழட்டுங்க. ஆனா கழட்டினதை விக்காதீங்க.” கொஞ்ச தூரம் போனதும் அவர் தோளில் சாய்ந்தாள். “நான் திணறுறதை நீங்க கவனிச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க. காலைல இருந்து எனக்கு வந்த கோபத்துல அதைச் சொல்லவே மறந்துட்டேன். ரொம்ப நல்ல கார்டுங்க.”

 அடுத்த சிக்னலில் நின்றபோது அவர், பாடத்தில் பார்த்தபடி கையை மடக்கித் தன் நெஞ்சுக்கு நேராகக் காட்டி, இல்லை என்று தலையாட்டினார்.