மகள் வண்டிக்கு நல்ல ஆயில்

என் கணவர் ஜுபைர் திருத்தணியில் பெயர் வாங்கிய மெக்கானிக். என்ஜினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, புது பிஸ்டனும் ரிங்கும் போட்டுக் கொடுத்தால், எந்தக் கொம்பனிடமும் ஒரே பாட்டுத்தான்: "ரன்னிங்-இன், அதான் என்ஜின் ஓடிப் பழகற காலம், முடியற வரைக்கும் சிந்தெடிக் ஆயில் ஊத்தாதீங்க. சாதா ஆயில்தான். ரிங்கு கொஞ்சம் உரசித்தான் சிலிண்டர்ல படியணும். வழுவழுன்னு இருந்தா எப்டிங்க படியும்?" கடையில் ஆயில் விற்பவள் நான். பாட்டு எனக்கு மனப்பாடம்.

அப்பேர்ப்பட்ட மனிதர், எங்கள் மகள் பர்ஹீனின் பழைய ஸ்கூட்டருக்குப் போர் அடித்து முடித்ததும், அலமாரியில் இருந்ததிலேயே உசத்தியான சிந்தெடிக்கை எடுத்து ஊற்றினார். "எம் பொண்ணு ஓட்டற வண்டி. மட்டமானதா ஊத்துவேன்?" என்று என்னிடமே வீம்பு வேறு.

ரிங்கு படியாமல் வண்டி சாம்பிராணி போட்டதுபோல் நீலமாகப் புகைந்தது. ஆயிலையும் குடித்தது. திங்கட்கிழமை முதல் பர்ஹீனுக்கு அரக்கோணம் ஆஸ்பத்திரியில் நர்சிங் பயிற்சி. விடியற்காலையில் வார்டில் இருக்க வேண்டும், அந்த நேரத்துக்குப் பஸ் தோதில்லை. வண்டி இல்லையென்றால் ஹாஸ்டல்தான் என்று சொல்லிவிட்டாள். அவள் ஓர் இரவு அத்தை வீட்டில் தங்கினாலே இவருக்குச் சோறு இறங்காது. பயந்துபோனார். எனக்கும் பயம்தான், கோபம் முந்திக்கொண்டது.

"வர்றவங்களுக்கெல்லாம் புத்தி சொல்றீங்களே, உங்க புத்தி எங்க போச்சு?"

ஞாயிறு காலை அந்த ஆயிலை வடித்துவிட்டுச் சாதா ஆயில் ஊற்றினார். "ஏறு நிஷா. மலை ரோட்ல ஏத்திப் பாக்கலாம். வெயிட்டு இருந்தாதான் ரிங்கு படியும்."

"வெயிட்டுக்கா என்னைக் கூப்பிடறீங்க?"

"ஆங்."

கோயில் மலைச் சாலையில் ஏறினோம். நான் திரும்பி சைலன்ஸரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவுக்கு வளைவு "புகை வருதா?" என்றார். வந்தது. புது பைக்குக்குப் பூஜை போட்டு மாலையோடு எதிரே இறங்கிய எங்கள் வாடிக்கையாளர் வேதாசலம், "என்ன பாய், அண்ணிய எங்க இட்டுகினு போறீங்க?" என்றார்.

"ரன்னிங்-இன்" என்றார் இவர், நிற்காமல்.

இறங்கினோம், மறுபடி ஏறினோம். என் இடுப்பு விட்டுப்போனது. வெயில் ஏறியபோது புகை மெலிந்தது, பிறகு காணவே காணோம். நான் சொன்னதை நம்பாமல் வண்டியை நிறுத்தி, ஆக்சிலேட்டரை முறுக்கி, சைலன்ஸர் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துப் பார்த்தார். துணியில் கறை ஒட்டவில்லை. அங்கிருந்தே பர்ஹீனுக்குப் போன் போட்டார்.

"ஹாஸ்டல் வேணாம்மா. வண்டி ரெடி. ரன்னிங்-இன் முடியற வரைக்கும் நாப்பதுக்கு மேல போவாத."

"எப்ப அத்தா முடியும்?"

கொஞ்சம் யோசித்தார். "நீ படிப்ப முடி, பாக்கலாம்."