கொடி மாற்றும் கப்பல்

டாக்டர் பாலசுப்ரமணியன் அடிமை வியாபாரத்தை ஒழிக்கக் கிளம்பியதற்குக் காரணம் ஒரு புத்தக அலமாரி. நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் புது வீடு வாங்கியபோது அதுவும் கூடவே வந்தது. மேல்தட்டு காலியாக இருந்தது. ஊர் நூலகத்தில் பழைய புத்தகங்களைக் கழித்துப்போட்ட அன்று, தோல் அட்டையும் தங்க எழுத்துமாக மூன்று கனமான புத்தகங்கள் மரத்தின் நிறத்துக்குப் பொருந்துகின்றனவே என்று அள்ளிக்கொண்டு வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடிமைக் கப்பல்களைத் தடுக்க நாடுகள் ஒன்றோடொன்று போட்ட ஒப்பந்தங்களின் வரலாறு அது. ஒரு மழை நாளில் டிவியும் பழுதாகிவிட, வேறு வழியில்லாமல் முதல் புத்தகத்தைப் பிரித்தார். அதற்குப் பிறகு, இதய நோய் நிபுணரான அவர், நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டே, பிடிபட்ட அடிமைக் கப்பல்களை விசாரித்த ஹவானா நீதிமன்றத்தின் குளறுபடிகளைப் பேசலானார். நோயாளிகள் எழுந்து போக முடியாதவர்கள்.

1986 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை தமிழ்ச் சங்கத்தார் அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் கூடுவதாக ஏற்பாடு. முதலில் டாக்டரின் சொற்பொழிவு, ஸ்லைடு படங்களுடன். பிறகு பஜ்ஜி, காபி. பிறகு அடுத்த வருஷத் தலைவரை ஏகமனதாகத் தேர்ந்தெடுப்பது. தேர்தல் வைத்தால் சங்கம் இரண்டாகிவிடும் என்பதால் எல்லாமே ஏகமனதுதான். டாக்டருக்குத் தலைவராக வேண்டும். அதை அவர் ஆசை என்று சொல்வதில்லை, சேவை என்பார்.

அன்று காலை அவர் ஸ்லைடுகளைத் தலைகீழாக அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜலஜா வந்து நின்றாள். கையெல்லாம் கடலை மாவு.

"சார், என் பாஸ்போர்ட்டு."

"இப்ப எதுக்கு அது?"

"தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் சார். அண்ணன் தேதி குறிச்சாச்சு. பெத்தவ நான் ஒருத்திதான் இருக்கேன். நானும் போகலன்னா எப்படி?"

"தையிலதானே நம்ம சங்கத்துப் பொங்கல்? இருநூறு பேரு. நீ இல்லன்னா யாரு பொங்கறது? அது முடியட்டும், பாக்கலாம்."

"போன வருஷமும் இதத்தான் சொன்னீங்க. ரெண்டே வருஷம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தீங்க."

டாக்டர் மிகவும் மனம் நொந்தவர் போல மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "ஜலஜா, சொந்தக்காரங்களுக்குள்ள பாஸ்போர்ட்டக் கொண்டா, பத்திரத்தக் கொண்டான்னு கேக்கறது நல்லாவா இருக்கு? என் ஸ்டடி ரூம்ல ஸேஃபா இருக்கு. இந்த நாட்டுல அது தொலைஞ்சா எவ்வளவு ட்ரபிள் தெரியுமா?"

சொந்தக்காரங்க என்ற சொல்லைக் கேட்டதும் ஜலஜா எதையோ கேட்க வாயெடுத்தாள். கேட்காமல் மாவைக் கரைக்கப் போய்விட்டாள். நல்ல பெண், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறாள் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

ஜலஜா மாயவரத்தில் அவர் அம்மாவுக்குச் சமைத்துப் போட்டவள். ஆனால் 'சமையல்காரி' என்ற சொல்லுக்குப் பின்னால் இந்த நாட்டில் சம்பளம், லீவு, வக்கீல் என்று ஓர் ஊர்வலமே வரும். சொந்தக்காரி என்றால் பாசம் ஒன்றோடு முடிந்துவிடும். அடுத்த வீட்டு அமெரிக்கர் கேட்டபோது 'கஸின்' என்றார். ஆங்கிலம் பெருந்தன்மையான மொழி. கஸின் என்று சொல்லிவிட்டால் எந்த வழியில் கஸின் என்று எவரும் குடைவதில்லை. தமிழர்கள் அப்படியா? செருப்பைக் கழற்றும்போதே "எப்படி சொந்தம்?" என்று ஆரம்பிப்பார்கள்.

சங்கத்தில் மூத்தவளான விசாலாக்ஷிக்கு மாயவரம். டாக்டரின் அத்தைமார்களைப் பெயர் சொல்லி அறிந்தவள். ஆகவே அவளிடம், "ருக்மிணியோட சித்தி பொண்ணு" என்றார். ருக்மிணி அவர் மனைவி, தூத்துக்குடிக்காரி. நர்ஸ் அல்போன்சாவுக்கும் தூத்துக்குடிதான், அதுவும் ருக்மிணியின் தாய்வீட்டுக்கு அடுத்த தெரு. ஆகவே அல்போன்சாவிடம், "என் அத்தை பொண்ணு" என்றார். இதில் ஒரு வசதியும் இருந்தது. அத்தை பெண்ணானாலும் மனைவியின் சித்தி பெண்ணானாலும் ஜலஜா அவரை 'அத்தான்' என்றே கூப்பிடலாம். விருந்தாளிகள் எதிரில் அப்படிக் கூப்பிடச் சொல்லியிருந்தார். அவளுக்கு அது வாயில் வரவில்லை. விருந்தாளி வந்தால் அவரை எதுவும் கூப்பிடாமலேயே சமாளித்தாள்.

மற்றவர்களும் அதிகம் தோண்டவில்லை. பிறந்தநாள், வளைகாப்பு என்றால் "டாக்டர், ஜலஜாவ ஒரு நாள் அனுப்புங்களேன்" என்று கேட்காத வீடு சங்கத்தில் இல்லை. டாக்டரும் தாராளமாக அனுப்பிவைத்தார்.

மாலையில் பேஸ்மென்ட் நிறைந்துவிட்டது. ஜலஜாவின் மடக்குக் கட்டில் இருந்த மூலையை மறைத்து ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டியிருந்தார்கள். அதுதான் திரை. விளக்கை அணைத்ததும் அதில் ஒரு பாய்மரக் கப்பல் தோன்றியது. டாக்டர் ஒரு நீளமான குச்சியால் அதன் உச்சியைத் தொட்டார்.

"நண்பர்களே, இது அடிமைக் கப்பல். அதோ பிரிட்டிஷ் போர்க்கப்பல் தொரத்திட்டு வருது. பிரிட்டனுக்கும் ஸ்பெயினுக்கும் ட்ரீட்டி இருக்கு. ஸ்பெயின் கொடி பறந்தா ஏறி ஸர்ச் பண்ணலாம். ஆனா இந்த அமெரிக்கா மட்டும், என் கப்பல்ல எவனும் கால் வைக்கப்படாதுன்னு 1862 வரைக்கும் வெறச்சிட்டு நின்னுது. கேப்டன் என்ன பண்றான்? சட்டுனு ஒரு அமெரிக்கக் கொடிய எடுத்து ஏத்திடறான்! சரி, அமெரிக்க ரோந்துக் கப்பல் வந்தா? அத எறக்கிட்டு வேற நாட்டுக் கொடி! எவன் வரானோ அவன் தொட முடியாத கொடி. என்ன பித்தலாட்டம் பாருங்க!"

கைதட்டல் எழுந்தது. ஜலஜா மாடிப்படியில் பஜ்ஜித் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டருக்குக் குரல் இன்னும் ஏறியது.

"அதுக்கும் ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. 1835ல ஸ்பெயினோட ஒரு புது ஷரத்து. கப்பல்ல அடிமை ஒருத்தர்கூட இல்லாட்டியும் பரவால்ல, சாமானே சாட்சி! கூடுதலா தண்ணிப் பீப்பாய், படுக்கத் தனியாப் பலகை, மாலுமி இருக்கறது கொஞ்சம் பேரு, ஆனா சமைக்கிற பாத்திரம் ஊருக்கே பொங்கற சைஸ். அது ஒண்ணு போதும், கப்பல் பறிமுதல்!"

அல்போன்சாவின் கணவர் தேவதாஸ் கையைத் தூக்கினார். "டாக்டர், உங்க வீட்டுல இருக்கறது மூணு பேரு. மாடிப்படிக்குக் கீழ அந்த அண்டா எதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டர்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தார். "அது நம்ம சங்கத்துப் பொங்கல் அண்டா, தேவதாஸ்!"

"அதான் எனக்கும் கொஞ்சம் பயமா இருக்கு" என்றார் தேவதாஸ். இந்தத் தடவை சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது.

விளக்கைப் போட்டார்கள். திரையில் கப்பல் மங்கலாக அப்படியே நின்றது. பஜ்ஜி சுற்றி வந்தது. அல்போன்சா ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடினாள். "டாக்டரோட அத்தை பொண்ணு கைக்குத் தங்கக் காப்புப் போடணும்."

விசாலாக்ஷியின் பஜ்ஜி பாதி வழியில் நின்றது. "யாரு அத்தை பொண்ணு? இவ ருக்மிணிக்குச் சித்தி பொண்ணுல்ல?"

"இல்ல ஆன்ட்டி. ருக்மிணி அம்மா கூடப் பொறந்தது எல்லாம் ஆம்பளைங்க. சித்திக்கு எங்க போறது?"

"பாலு அத்தைங்கள்ல பெரியவளுக்குக் கொழந்தையே கெடையாது. சின்னவளுக்குப் பையன்க. பொண்ணு எங்கேருந்து வந்தா?" விசாலாக்ஷி குரலைத் தாழ்த்தினாள். அவள் குரலைத் தாழ்த்தினால் கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்கும். "மொறப்பொண்ணுன்னு சொல்லி ஒரு பொம்பளையக் கூட்டிட்டு வந்து வீட்டோட வெச்சிருக்கானா?"

டாக்டர் குச்சியும் கையுமாக ஓடி வந்தார். அதற்குள் ஜலஜா காபியோடு வந்துவிட்டாள். விசாலாக்ஷி அவள் முழங்கையைப் பிடித்தாள். "ஏம்மா, நீ இவங்களுக்கு எப்படி சொந்தம்?"

ஜலஜா காபித் தட்டை மேஜையில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு டாக்டரைப் பார்த்து மிகுந்த மரியாதையோடு கேட்டாள்:

"சார், இவங்க வந்தா சித்தி பொண்ணுன்னு சொல்லு, அவங்க வந்தா அத்தை பொண்ணுன்னு சொல்லுன்னீங்க. இன்னிக்கு ரெண்டு பேரும் வந்திருக்காங்களே. எதச் சொல்லட்டும்?"

டாக்டரின் முதுகுக்குப் பின்னால் கப்பலின் உச்சியில் கொடி பறந்துகொண்டிருந்தது.

"ஆக்சுவலா..." என்றார் டாக்டர். "ஒரு மாதிரி... கஸின்."

"கஸின் எல்லாம் வெள்ளைக்காரன்கிட்ட சொல்லு பாலு. எனக்குத் தமிழ்ல சொல்லு."

ருக்மிணியால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "சொந்தமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது ஆன்ட்டி! என் மாமியார் வீட்டுல சமைச்சிட்டு இருந்தவங்க. மொறப்பொண்ணாம்ல! யார்கிட்ட என்ன சொன்னீங்கன்னு எழுதியாவது வெச்சுக்கக் கூடாது?"

அவள் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டாள். டாக்டருடையது நடுக்கடலில் நின்றது.

"அப்ப சொந்தம் இல்லன்னு ஆயிடுச்சு" என்றாள் ஜலஜா. "சொந்தக்காரங்கதான பாஸ்போர்ட்டுக் கேக்கக் கூடாதுன்னீங்க? இப்பக் குடுத்துடுங்க சார். பொண்ணு கல்யாணத்துக்குப் போகணும்."

எல்லாரும் அவரவர் கையிலிருந்த பஜ்ஜியைப் பார்த்தார்கள். அல்போன்சா தட்டை வைக்க இடம் தேடித் திரையின் ஓரத்தை விலக்கினாள். கப்பல் இரண்டாக மடங்கியது. பின்னால் மடக்குக் கட்டில், அதன் மேல் மடித்து வைத்த போர்வை, சுவரில் இப்போதே மாட்டிய அடுத்த வருஷக் காலண்டர், அதில் தை மாதத்துத் தேதி ஒன்றைச் சுற்றி ஒரு வட்டம். அல்போன்சா தன் மகனின் ஞானஸ்நான விருந்தை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று நாள் ஜலஜாவைத் தன் வீட்டில் வைத்துச் சமைக்கச் சொன்னவள் அவள். "டாக்டர்," என்றாள், "போய் எடுத்துட்டு வாங்க. நாங்க வெயிட் பண்றோம்."

டாக்டர் மாடியேறினார். விளக்கம் சொல்ல எத்தனையோ வாக்கியங்கள் மனதில் வந்தன. எல்லாமே அந்தத் தோல் அட்டைப் புத்தகத்தில் ஏதோ ஒரு நாட்டின் தூதர் ஏற்கெனவே சொல்லிவிட்டவையாக இருந்தன. பாஸ்போர்ட்டோடு இறங்கி வந்தார். விசாலாக்ஷி அதை வழியிலேயே வாங்கிப் பிரித்து, அப்பா பெயர், ஊர் எல்லாம் பார்த்தாள். "சுத்தமா சொந்தமே இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஜலஜாவின் கையில் கொடுத்தாள்.

ஜலஜா அதை இடுப்பில் செருகிக்கொண்டாள். "காபி ஆறுது. ஊத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் விருந்தாளிகள் எதிரில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காபி ஊற்றத் தெரியாமல் இரண்டு என்ஜினியர்கள் சட்டையை நனைத்துக்கொண்டார்கள்.

தேவதாஸ் தொண்டையைக் கனைத்தார். "டாக்டரையே தலைவராப் போட்டுடலாம். ரெண்டு ஷரத்து. ஜலஜாக்கா ஊருக்குப் போற டிக்கெட்டு அவர் பொறுப்பு. பொங்கலுக்கு அண்டாவும் அவர் பொறுப்பு."

சங்கத்தின் வரலாற்றிலேயே இவ்வளவு வேகமாக ஏகமனது ஏற்பட்டதில்லை. அண்டா வேறு யார் தலையிலாவது விழுந்துவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது.

தை மாதம் மாயவரத்தில் ஜலஜாவின் மகளுக்குத் தாலி ஏறிய அதே வாரம், நியூ ஜெர்சியில் ஒரு பள்ளிக்கூடத்து காஃபடீரியாவில் தலைவர் பாலசுப்ரமணியன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருநூறு பேருக்குப் பொங்கல் கிளறினார். அடி பிடித்துவிட்டது. புகைக்கு அலாரம் அடிக்காமலிருக்கத் தேவதாஸ் பக்கத்தில் நின்று சங்கத்து பேனரால் விசிறிக்கொண்டிருந்தார்.

கலிஃபோர்னியாவின் சன்னிவேலிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த ஒரு குடும்பம் வாசலில் ருக்மிணியிடம் சந்தனம் வாங்கிக்கொண்டது. அந்தக் குடும்பத்துப் பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். "அண்டாகிட்ட நிக்கிறது யாருங்க? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

ருக்மிணி புகைக்குள் ஒரு பார்வை பார்த்தாள்.

"தூரத்துச் சொந்தம்" என்றாள்.