முன்பக்கத்து போர்ட்

பென் டிரைவைக் கணினியின் முன்பக்கத்து போர்ட்டில் செருகும்போதே பவுலினுக்குத் தெரியும், காப்பி ஆவது இழுத்துக்கொண்டுதான் போகும் என்று. அந்த போர்ட்டின் உள்வயர் ஆறு மாதமாகச் சரியில்லை. பின்னால் வேகமான நீல போர்ட் ஒன்று இருந்தது. அதில் பத்து நிமிட வேலை. விழுப்புரத்தில் பத்து வருடமாக டி.டி.பி. செய்பவளுக்கு இதுகூடவா தெரியாது?

பத்து நிமிடத்தில் முடிந்தால் கிளாராவும் போய்விடுவாள்.

அம்மாவின் முதலாண்டுத் திருப்பலி முடிந்து தங்கை இந்த வீட்டுக்குள் வந்ததே அம்மாவின் பதிவுகளுக்காகத்தான். கடைசி அக்டோபர் முழுக்க அம்மா ஜெபமாலை சொன்னதைப் பவுலின் தினமும் வீடியோ எடுத்திருந்தாள். திண்டிவனம் ஒரு மணி நேரப் பஸ் தூரம். ஆனாலும் ஒரு வருடமாகக் கிளாரா இந்தப் படியேறவில்லை.

"இன்னாக்கா இது? ஜங்ஷனுக்கு வெளிய சிக்னல் கெடைக்காத பாசஞ்சர் மாதிரி நின்னுக்கினு இருக்கு?"

"பெரிய ஃபைலுங்கடி. இன்னா அவசரம்? மல்லாட்டைய உரிச்சிக்கினு இரு." பவுலின் வேர்க்கடலைத் தட்டை நகர்த்தினாள்.

கிளாரா டிரைவைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினாள். திரை மூன்று மணி நேரம் என்றது.

"வைரஸா இருக்குமோ? சரியான பேஜாரு."

"அதெல்லாம் இல்ல."

சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது. போன வருடம், அம்மாவுக்கு அன்று ராத்திரி தாண்டாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அதைக் கேட்ட பிறகுதான் பவுலின் தங்கையிடம், "அவசரமில்ல, காலைல வா" என்று போனில் சொன்னாள். விடிவதற்குள் அம்மா போய்விட்டாள். பயந்துவிடுவாளே என்று சொன்னதாகத்தான் தனக்கே சமாதானம் சொல்லி வந்தாள். உண்மையில், அம்மாவின் கடைசி மூச்சு தனக்கு மட்டும் வேண்டியிருந்தது.

திருப்பலிக்கு வராத சித்தி, கிளாரா வீட்டு மாடிக்குப் பூசிய சிமென்ட், அவள் மகளின் கணக்கு மார்க் என்று எல்லாம் பேசினார்கள். அதைத் தவிர எல்லாம். இரண்டு மணி நேரம் கரைந்தது.

கிளாரா பையை எடுத்தாள். "பாப்பா ஸ்கூல் விட்டு வந்துடும். இன்னொரு நாள் வந்து வாங்கிக்கிறேன்."

இன்னொரு நாள் என்பது வராது. பவுலின் காப்பியை நிறுத்தினாள், டிரைவைக் கழற்றினாள், குனிந்து பின்னால் செருகினாள். பச்சைக் கோடு ஓடியது. எட்டே நிமிடம்.

கிளாரா கணினியைப் பார்த்தாள். பிறகு அக்காவை.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"கூட ரெண்டு நாள் இருந்துட்டுப் போன்னு சொல்லியிருந்தா, இருந்திருப்பேனே..." நிறுத்தினாள். முகம் மெல்ல மாறியது. "போன்ல காலைல வான்னியே, அன்னிக்கும் தெரியுமா?"

பவுலின் கையிலிருந்த மல்லாட்டைத் தோலை நொறுக்கினாள்.

"தெரியும்டி."

பச்சைக் கோடு முழுதானதும் கிளாரா டிரைவைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து, இரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பாமலே சொன்னாள்:

"அவசரமில்லன்னு சொல்ல உனக்கு எப்டிதான் வாய் வருதோ."

திரையில் அம்மாவின் முகங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசையில் இருந்தன. பவுலின் எதையும் திறக்கவில்லை.