கதவுக்குப் பின்னால் குணபூசணி

குணபூசணியை அதுவரை எட்டு வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். எட்டு பேரும் கேசரியைத் தின்றுவிட்டு, ஜாதகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நடையைக் கட்டியவர்கள். ஆகவே 1986இல் கிள்ளானிலிருந்து ஒன்பதாவது வீட்டார் கேட்டது அவள் இருந்த பிரிக்பீல்ட்ஸில் யாருக்கும் தப்பாகப் படவில்லை. நேரில் வந்து சங்கடப்படுவானேன், முதலில் பெண்ணை வீடியோ எடுத்து அனுப்புங்களேன் என்றார் மாப்பிள்ளையின் தாய் புனிதவதி. இதுவும் தட்டிப்போனால் இனி யாரையும் அழைப்பதில்லை என்று அப்பா சீவரத்தினம் சொல்லிவிட்டார். ரயில்வேயில் முப்பது வருடம் இருந்தவர். கடைசி வண்டி என்றால் கடைசி வண்டிதான்.

படம் பிடிக்க வந்தவன் அடுத்த தெரு லெஸ்லி. பிழைப்பு கல்யாண வீடியோ, மனசெல்லாம் கொலைப் படங்கள்.

"முகத்த உடனே காட்டினா யாரு பார்ப்பா, அக்கா? ஓப்பனிங்தான் முக்கியம்லா. காட்டாத வரைக்கும்தான் ஆளுங்க சீட்டு நுனியில இருப்பாங்க."

அவள் முகத்தை இவ்வளவு மரியாதையாக யாரும் குறை சொன்னதில்லை. சரி என்றாள்.

காமிராவைத் தரையில் வைத்து, இருண்ட நடையில் அவள் பாதங்களைப் பதினோரு தடவை நடக்கவிட்டான். பிறகு சொட்டும் குழாய். பிறகு சுவர்க் கடிகாரம், அதன் வயிற்றில் மைக்கை ஒட்டி. அவளைக் கத்திரிக்காய் நறுக்கச் சொல்லிக் கத்தியை மட்டும் எடுத்தான். வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த சீவரத்தினத்தின் நிழல் யாரையோ கழுத்தை நெரிப்பதுபோலச் சுவரில் விழுந்தது. லெஸ்லி அவரை இன்னொரு தடவை பிழியச் சொன்னான். கடைசியில் சமையலறைக் கதவின் கைப்பிடி மெல்லத் திரும்ப வேண்டும், கதவு திறக்க வேண்டும், குணபூசணி சிரிக்க வேண்டும். கைப்பிடி திரும்பியபோது மணி ஆறு. கதவு திறப்பதற்குள், சுங்கை பூலோவில் ஒரு ரிசப்ஷன் இருக்கிறதென்று காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

வீட்டில் வீடியோ பிளேயர் கிடையாது. நான்கு நிமிட கேசட்டை அப்பா பார்க்காமலே கிள்ளானுக்கு அனுப்பிவைத்தார்.

அடுத்த ஞாயிறு காலை ஒரு வேனில் ஏழு பேர் வந்து இறங்கினார்கள். கேசரியை யாரும் தொடவில்லை. புனிதவதி சுவரில் முதுகை ஒட்டி, சமையலறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"நாலு நாளா வீட்டுல யாருக்கும் தூக்கமில்ல, அண்ணே. அந்தக் கதவுக்குப் பின்னால என்ன நடந்துச்சு?"

"கத்திரிக்காய் பால்கறி," என்றார் சீவரத்தினம், உள்ளது உள்ளபடி. ஒருவரும் நம்பவில்லை.

குணபூசணி காப்பித் தட்டோடு சமையலறைக்குள் நின்றாள். வெளியே போனால் முகம் தெரிந்துவிடும், ஜாதகம் மறுபடியும் குற்றவாளியாகும். தட்டைக் கீழே வைத்தாள். குழாயைச் சொட்டும்படி லேசாகத் திருகிவிட்டாள். கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. அவளுக்கு வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருடம் வியர்த்தவள் அவள். இன்று அவர்கள் வியர்க்கட்டும்.

கால் மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தவன் மாப்பிள்ளை ராதாகிருஷ்ணன். ஷா ஆலம் தொழிற்சாலையில் இன்ஜினியர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் முகத்தைப் பார்த்தான், மேடையிலிருந்த கத்தியைப் பார்த்தான்.

"நீங்க... இப்ப என்ன செய்யப் போறீங்க?"

எட்டு வீட்டாரும் சமையலைக் கேட்டார்கள், சம்பளத்தைக் கேட்டார்கள், முகத்துக்கு என்ன பூசுகிறாள் என்றுகூட ஒரு மாமி கேட்டாள். இதை யாரும் கேட்டதில்லை.

"இன்னும் முடிவு பண்ணல," என்றாள் குணபூசணி. "உக்காருங்க."

அவன் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தான்.