பத்தொன்பது குண்டு மரியாதை

தேர்தலுக்கு முந்தின வாரம்தான் அதிபர் கேமராக்களுக்கு முன்னால் பாதுகாப்பு அமைச்சர் கிரேடி பர்டெட்டின் தோளில் கைபோட்டு, "இவர் எங்கேயும் போக மாட்டார்" என்று சொல்லியிருந்தார். அதிபர் தோளில் கைபோட்டால் ஆள் காலி என்பது வாஷிங்டனில் காபிக் கடைக்காரனுக்குக்கூடத் தெரியும். பர்டெட்டுக்கு மட்டும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். ஆளும் கட்சி காலங்காலமாக ஜெயித்துவந்த சோளக்காட்டு மாவட்டங்களில்கூட மண்ணைக் கவ்வியது. நாடாளுமன்றத்தின் இரண்டு சபைகளும் கைவிட்டுப் போயின. புதன்கிழமை மத்தியானம் பர்டெட் ராஜினாமா செய்தார். தேர்தலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று அதிபர் சொன்னார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை.

பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனின் தரைத்தளத்தில், சடங்குகள் பிரிவின் அறையில், லைல் ஹென்ஸ்லி இதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். அணிவகுப்பு, பதக்கம் சூட்டல், வெளிநாட்டுத் தளபதிகளுக்கு வரவேற்பு, பழைய அமைச்சர்களின் எண்ணெய் ஓவியங்களை நடைக்கூடத்தில் மாட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. தலை நரைத்ததே அந்த வேலையில்தான். பக்கத்து அறைகளில் ஆட்கள் கைதட்டினார்கள். ஒருவன் டோனட் பெட்டியைத் திறந்து நீட்டினான். லைல் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மகள் கோராவைப் பற்றித்தான் யோசித்தார்.

கோரா துறையின் வாத்தியக் குழுவில் கிளாரினெட் வாசிப்பவள். வாத்தியக்காரர்களும் ராணுவச் சம்பளம் வாங்குகிறவர்கள்தான். பாலைவன நாட்டில் நடக்கும் போருக்கு ஆள் பற்றாமல் போனபோது, வாத்தியக்காரர்களுக்கும் இரண்டு கை இரண்டு கால் இருக்கிறது என்பதை பர்டெட் கண்டுபிடித்தார். "ஊதத் தெரிஞ்ச ஆளுக்குச் சுடவும் தெரியணும்" என்றார் நிருபர்களிடம். நிருபர்கள் சிரித்தார்கள். கொலம்பஸ் அமெரிக்காவைக் கண்டுபிடித்தபோதுகூட அவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டார். மொத்தக் குழுவையும் விமானத்தில் ஏற்றிப் பாலைவனத்தில் ஒரு முகாமின் வாசலில் காவலுக்கு நிறுத்தினார்கள். வெடிகுண்டு லாரிகள் வந்தால் முதலில் வரும் இடம் அந்த வாசல்தான்.

கோடையில் லைல் ஒருமுறை மெல்லக் கேட்டுப் பார்த்தார். விழாக்களுக்கு வாத்தியம் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது, குழுவைத் திருப்பி அழைக்கலாமா என்று. தன் மகள் அதில் இருப்பதைச் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. "டேப் போட்டு ஓட்டுங்க" என்றார் பர்டெட். அதன்பிறகு செத்துப்போன பையன்களின் பெற்றோருக்குப் பதக்கம் கொடுக்கும் சடங்குகளெல்லாம் டேப்பில்தான் நடந்தன. ஒருநாள் டேப் பாதியில் சிக்கிக்கொண்டு ஒரே சுரத்தை இழுத்தது. பதக்கம் வாங்க வந்திருந்த தாய் தலைகுனிந்தபடியே நின்றாள். அந்த நாளை லைல் மன்னிக்கவே இல்லை.

ராஜினாமா செய்தாலும் புது ஆள் பதவியேற்கும்வரை கையெழுத்துப் போடும் பேனா பழைய ஆள் கையில்தான். அந்தப் புதன்கிழமை சாயங்காலமே பர்டெட் லைலைக் கூப்பிட்டார். அறையெங்கும் அட்டைப் பெட்டிகள்.

"லைல், எனக்கு முன்னாடி இருந்தவனுக்கு வழியனுப்பு விழாவுல மரியாதைக்கு எத்தனை பீரங்கிக் குண்டு போட்டீங்க?"

"பத்தொன்பது சார். அமைச்சருக்குப் பத்தொன்பதுதான்."

"எனக்கு இருபது போட முடியாதா?"

"இருபத்தொண்ணு அதிபருக்கு சார்."

"நான் இருபதுதானே கேக்கறேன்."

"இருபது யாருக்குமே இல்ல சார்."

பர்டெட் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். "சரி, பத்தொன்பது. ஒண்ணு குறையக் கூடாது. மியூசிக் என்ன பண்றீங்க?"

"டேப் இருக்கு சார்."

பர்டெட் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கா? டேப்பா?"

வேலையில் சேர்ந்த நாள்முதல் லைல் ஒரு பொய் சொன்னதில்லை. கொடிக்கம்பத்தின் உயரத்தைக்கூட அளந்துவிட்டுத்தான் சொல்வார். இப்போது அவர் வாயிலிருந்து பொய் தானாக வந்தது, வருஷக்கணக்காக உள்ளே காத்திருந்தது மாதிரி.

"டேப் போட்டா பீரங்கி கிடையாது சார். துறையோட சொந்த வாத்தியக் குழு நேர்ல நின்னு வாசிச்சாத்தான் பீரங்கி மரியாதை. விதி அப்படி."

"கோடையில எல்லாம் டேப் போட்டீங்களே?"

"அதுல பீரங்கி இல்லையே சார். செத்துப்போன பசங்களுக்கு யார் பீரங்கி போடறா?"

பர்டெட் அதைக் கவனிக்கவில்லை. "முழுக் குழுவும் வேணுமா? பத்துப் பேரைக் கூப்பிட்டாப் போதாதா?"

"முழுசாத்தான் சார். ஒத்திகைக்கும் நாள் வேணும். அப்புறம் புது அமைச்சருக்கு வரவேற்பு மரியாதை வேற இருக்கு. அதுவரைக்கும் இங்கயே இருக்கட்டும்னு உத்தரவு போட்டுட்டா உங்களுக்கும் ரெண்டு வேலை இல்ல."

பர்டெட் தொலைபேசியை எடுத்தார். மறுமுனையில் ஒரு ஜெனரல் முகாம் வாசலில் ஆள் குறையும் என்று ஏதோ சொல்வது லைலுக்கே கேட்டது. "வாசலுக்கு வேற ஆளா கிடைக்க மாட்டான்?" என்றார் பர்டெட். ஒரு ஆளைக்கூட நகர்த்த முடியாது என்று கோடை முழுக்கச் சாதித்தவர்கள் ஒரு காபி ஆறுவதற்குள் மொத்தக் குழுவையும் நகர்த்திவிட்டார்கள். பேனாவும் ஓடியது. அப்படி ஒரு விதி உண்டா என்று யாரையும் அவர் கேட்கவில்லை. போருக்கே காரணத்தைச் சரிபார்க்காத மனிதர், வாத்தியத்துக்கா சரிபார்க்கப் போகிறார்?

வீட்டில் மனைவி ரூத் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள். சமையலறை வாசலில் நின்றபடியே லைல் சொல்லிமுடித்தார்.

"நீயா பொய் சொன்ன?" என்றாள் ரூத்.

"நான்தான்."

"ஒழுங்கா சொன்னியா? உளறலையே?"

"கையெழுத்தே போட்டுட்டான்."

ரூத் கரண்டியை வைத்துவிட்டு மனிதரைக் கட்டிக்கொண்டாள். "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்பத்தான் உருப்படியா ஒரு வேலை பண்ணியிருக்க."

நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலும் நாளில் வான்கோழி அடுப்பிலிருந்து இறங்கும்போது கோரா வீட்டில் இருந்தாள். இளைத்திருந்தாள். சுவரை ஒட்டிய நாற்காலியில்தான் உட்கார்ந்தாள், வாசலைப் பார்த்தபடி. சாப்பாட்டை யாரோ பிடுங்கிக்கொள்ளப் போகிற மாதிரி அள்ளிப் போட்டுக்கொண்டாள். பூசணி இனிப்பப்பம் வந்தபோதுதான் கொஞ்சம் சிரித்தாள்.

"கிளாரினெட் எப்படியிருக்கு?" என்று கேட்டார் லைல்.

"உள்ள பாதிப் பாலைவனம் இருக்குப்பா. ஊதினா மணல்தான் வருது. விரலும் மரத்துப்போச்சு, துப்பாக்கி பிடிச்சே." இனிப்பப்பத்தை இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டாள். "அந்தாளு போறதுக்கு வாசிக்கத்தான் எங்களைக் கூப்பிட்டாங்களாமே. எங்க குழுவுல எல்லாரும் சொல்றாங்க, தினம் ஒரு மந்திரி ராஜினாமா பண்ணா நல்லாருக்கும்னு."

அப்பாவின் பொய் அவளுக்குத் தெரியாது. லைலும் சொல்லவில்லை. பொய் சொன்னதில் அவருக்கு வெட்கமே இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. புது சபை ஜனவரியில் கூடும், போரை நிறுத்தச் சொல்லும், அதுவரை ஒரு சடங்கு மாற்றி ஒரு சடங்காக ஓட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு.

வழியனுப்பு விழா அமர்க்களமாக நடந்தது. பொட்டோமாக் ஆற்றுக் காற்று காதை அறுத்தது. பர்டெட் பேசினார், போர் நல்லபடியாக நடக்கிறது, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் ஜெயிக்கலாம், தன்னைச் சரித்திரம் புரிந்துகொள்ளும் என்றார். தேர்தலைப் பற்றி மூச்சுவிடவில்லை. பீரங்கிகள் முழங்கின. விரலைவிட்டு எண்ணிக்கொண்டிருந்தார் பர்டெட், ஏமாற்றிவிடுவார்களோ என்று. பிறகு வாத்தியம் எழுந்தது. மூன்றாம் வரிசையில் கோரா. முதலில் தடுமாறினாள், பிறகு விரல்களுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. லைல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது தன் பிரிவைத் தாளாத கண்ணீர் என்று நினைத்து பர்டெட் அவர் கையைப் பிடித்து அழுத்தினார்.

புது அமைச்சர் ஆல்டன் ரீவ்ஸ் வேறு ரகம். ஏதோ கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து காகிதப் பையில் கொண்டுவந்தார். தன் பெட்டியைத் தானே தூக்கினார். பென்டகனே அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது, ஒருவழியாக ஒரு மனிதன் வந்தான் என்று. லைலும் அப்படித்தான் நினைத்தார். வரவேற்பு மரியாதைக்கு நாள் குறிக்க மேலே போனார்.

"மரியாதையெல்லாம் வேண்டாம் மிஸ்டர் ஹென்ஸ்லி" என்றார் ரீவ்ஸ். "அங்க பசங்க செத்துக்கிட்டு இருக்கும்போது எனக்கென்ன பாண்டு வாத்தியம்?"

லைல் விடவில்லை. "விதிப்படி வரவேற்பு குடுக்கணும் சார். துறையோட வாத்தியக் குழு நேர்ல நின்னு..."

"பர்டெட் உத்தரவுல எழுதியிருந்த அந்த விதியைத்தான் தேடினேன்." ரீவ்ஸ் கண்ணாடியைக் கழற்றினார். குரலில் கோபமே இல்லை. "சட்டப் பிரிவுல கேட்டேன், நூலகத்துல கேட்டேன். அப்படி ஒரு விதியே இல்லையாமே."

வருஷக்கணக்காக அந்தக் கட்டடத்தில் யாரும் எதையும் சரிபார்த்ததில்லை. எதிரியிடம் அணுகுண்டு இருக்கிறது என்றார்கள், சரிபார்க்கவில்லை. அந்த நாட்டு ஜனங்கள் பூமாலையோடு வரவேற்பார்கள் என்றார்கள், சரிபார்க்கவில்லை. கடைசியில் சரிபார்க்கிற மனிதர் ஒருவர் வந்தார். அவர் சரிபார்த்த முதல் விஷயம் லைலின் பொய்.

"என் பொண்ணு அந்தக் குழுவுல இருக்கா சார்" என்றார் லைல். "கிளாரினெட்."

ரீவ்ஸின் கண்கள் உண்மையாகவே கலங்கின. அதுதான் லைலுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"எனக்குப் புரியுது. நானும் பிள்ளை பெத்தவன். ஆனா அந்த முகாம் வாசல்ல இப்ப நிக்கிறவங்க ஊருக்குத் திரும்ப வேண்டியவங்க. மாத்த ஆள் வரலைன்னு அவங்களை நிறுத்திவச்சிருக்கு. உங்க பொண்ணை மட்டும் நான் இங்க வச்சுக்கிட்டா, நாளைக்கு எல்லா அப்பனும் இந்தக் கட்டடத்து வாசல்ல வந்து நிப்பான்."

"நிக்கட்டுமே சார்" என்றார் லைல். "வாசல் பெருசுதான்."

ரீவ்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. லைல் பொய் சொன்னதற்காக வேலையைக்கூடப் பறிக்கவில்லை. மறுநாள் பத்திரிகைகள் எல்லாம் அவரைக் கொண்டாடின. ஆடம்பரம் வேண்டாம் என்ற அமைச்சர், போர்க்காலத்தில் எளிமை, விழா ரத்து, வாத்தியக் குழு மீண்டும் களத்துக்கு. எதிர்க்கட்சிக்காரர்கள்கூடப் பாராட்டினார்கள். ரூத் அந்தப் பத்திரிகையைக் குப்பைத்தொட்டியில் போட்டு, அதன்மேல் காபித் தூளையும் கொட்டினாள்.

கோரா புறப்பட்ட காலையில் விமானத் தளத்தில் பனி தூறியது. படை கிளம்பினால் வாத்தியம் வாசித்து வழியனுப்புவது வழக்கம். இந்த முறை வாசிக்க ஆள் இல்லை, வாசிக்கிறவர்கள்தான் கிளம்பினார்கள். யாரோ டேப்பைப் போட்டார்கள். கோரா காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "கேவலமா இருக்குப்பா" என்றாள். கிளாரினெட் பெட்டியை அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே வச்சிருங்க. அங்க மறுபடியும் மண்ணுதான் தின்னும்." ரூத் மகளைப் பிடித்த பிடியை விடவில்லை. பிறகு விட வேண்டியிருந்தது.

அவள் படியேறும்போது லைலின் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. பர்டெட்.

"லைல், எப்படியிருக்க? ஒருத்தனும் கூப்பிடறதே இல்லப்பா. சரி அதை விடு. நடைக்கூடத்துல மாட்டறதுக்கு என் படம் வரைய ஆள் பிடிச்சாச்சு. திறப்பு விழாவுக்கு அந்த வாத்தியக் குழு வேணும். நேர்ல வாசிக்கணும்னு விதியே இருக்குன்னு நீதானே சொன்ன?"

அந்தக் குரலைக் கேட்டதும் தனக்குள் ஆசை பொங்கியதை லைல் உணர்ந்தார். ஊரே சபித்த மனிதன், பையன்களை வாரிக் கொடுத்த மனிதன், அவன் கர்வம் ஒன்றுதான் தன் மகளை ஒரு மாதம் வீட்டில் உட்கார்த்தி வைத்தது. இந்த ஆள் போகாமலே இருந்திருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தார். நினைத்ததற்காகத் தன்னையே வெறுத்தார்.

"இருக்கு சார். அதே விதிதான்" என்றார். "ஒரு உத்தரவு மட்டும் போட்டுக் குடுங்க சார். இப்பவே. விமானம் இன்னும் கிளம்பல."

"நானா?" என்றார் பர்டெட். "நான் இப்ப எப்படிப்பா கையெழுத்துப் போட முடியும்?"

விமானத்தின் கதவைச் சாத்தினார்கள். டேப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.