டக்ளஸ் சேர் அறைக் கதவு

நவம்பர் முப்பது கழிந்து விடிந்த காலையில், ஹட்டனில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த பிறருக்கு வரிக் கணக்கு செய்து கொடுக்கும் அந்த அலுவலகத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. கோபதாபம் ஒன்றும் கிடையாது. வருமான வரி ரிட்டர்ன் அனுப்புவதற்கான கடைசி நாள் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. பேசத் தெம்பில்லை, அவ்வளவுதான். வரவேற்பு மேசையில் இருந்த ஜோசப்பின், டெலிபோன் மேல் ஒரு குஷனை வைத்து அமுக்கி, அதன்மேல் கையையும் ஊன்றியிருந்தாள். லோஜன் கணினிக்கு முன்னால் நேராக உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். கிருஷாந்தி கீழே பேக்கரியில் வாங்கிய, மீன் அடைத்த மாலுபாணைக் கையில் வைத்துக்கொண்டு, இதைச் சாப்பிடுவதா, இதன்மேல் தலைவைத்துப் படுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

நோட்டன் பிரிட்ஜிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள் கிருஷாந்தி. அலுவலகத்தில் அவள்தான் மூத்தவள். கஷ்டமான ரிட்டர்ன் எல்லாம் சுற்றிச் சுற்றி அவள் மேசைக்குத்தான் வந்து சேரும். வருடம் முழுக்க வரியை மறந்திருந்த லொறி முதலாளிகளும், டியூஷன் மாஸ்டர்களும், ஹார்ட்வெயார் கடைக்காரர்களும் நவம்பர் கடைசி வாரத்தில் ஒரே கனவு கண்டு எழுந்தவர்கள் மாதிரி ஒன்றாக வந்து படியில் நிற்பார்கள்.

இந்த வருடம் அவளை உருக்குலைத்தவர் விஜிதரன். ராகலையில் மரக்கறி லொறி வைத்திருப்பவர். நல்ல மனிதர். ரிட்டர்னை அனுப்ப வேண்டுமானால் அவருடைய போனுக்கு ஒரு ரகசிய நம்பர் வரும். அதை அவர் உடனே சொல்ல, இங்கே கிருஷாந்தி தட்ட வேண்டும். கொஞ்சம் பிந்தினால் நம்பர் செல்லாது. அவர் வீட்டில் சிக்னல் கிடையாது என்பதால், தண்ணீர்த் தாங்கி மேல் ஏறி நின்றுகொண்டு பேசினார்.

"மிஸ், மொத நம்பர் ஏழு. நம்ம பழைய லொறிக்கும் மொத நம்பர் ஏழுதான். அத விக்கிற அன்னைக்கு வீட்டுக்காரி அழுதுட்டா."

அவர் மனைவி கண்ணைத் துடைப்பதற்குள் நம்பர் செத்துவிட்டது. அடுத்து வந்த நம்பரில் மூன்று இருந்தது. மூன்றாவது மகளின் படிப்பைப் பற்றி அவர் சொல்லி முடிப்பதற்குள் அதுவும் போனது. மூன்றாம் முறை மலையில் மூடுபனி இறங்கி, போன் திரையே தெரியவில்லை என்றார்.

இத்தனைக்கும் நடுவில்தான் அந்தக் கதவு. அலுவலக முதலாளி டக்ளஸின் அறைக் கதவு. அது கிறீச்சென்று திறக்கும். டக்ளஸ் தலையை நீட்டி, "முடிஞ்சுதா?" என்று கேட்பார். இல்லை சேர் என்றால் தலை உள்ளே போகும். ஒரு டீ ஆறுவதற்குள் மறுபடி கிறீச். மறுபடி "முடிஞ்சுதா?" கெட்ட மனிதர் அல்ல. லீவு கேட்டால் காரணம் கேட்க மாட்டார். மற்றவர்கள் வேலை செய்யும்போது தான் சும்மா இருப்பது அவருக்குப் பொறுக்காது. உதவி செய்வதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

அப்படிப்பட்டவர் கொழும்பில் ஏதோ ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போய் வந்திருந்தார். எல்லோரும் ஓரளவு கண்விழித்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். முடிந்துபோன சீசனைத் திரும்பிப் பார்த்து, குறைகளை மனம்விட்டுப் பேச வேண்டும் என்றார். ஆனால் யார் மனமும் நோகக்கூடாது. ஆகவே ஆட்களைப் பற்றிப் பேசாமல், அலுவலகத்திலுள்ள பொருட்களைப் பற்றி மட்டுமே குறை சொல்ல வேண்டும். பட்டறையில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்களாம்.

முதலில் ஜோசப்பின் லோஜனைப் பார்த்துக்கொண்டே, ஸ்டேப்ளர்தான் தன்னுடைய பிரச்சினை என்றாள். தேவைப்படும் நேரத்தில் அது இடத்தில் இருக்காது, சாப்பாட்டுக்குப் பிறகு தேடவே முடியாது, கீழே பேக்கரியில் போய்ப் பார்த்தால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் என்றாள். லோஜன் பதிலுக்கு, சுவரிலுள்ள கலண்டரைக் குறை சொன்னான். இன்னும் இத்தனை நாள்தான், இன்னும் இத்தனை நாள்தான் என்று விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டே இருந்தால் மனுஷன் எப்படி வேலை செய்வது என்று கேட்டான். ஜோசப்பின் முகம் சிவந்தது.

டக்ளஸ் இரண்டையும் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார். பிறகு கிருஷாந்தியைப் பார்த்தார். அவளுக்குத் தூக்கமில்லாத தைரியம் வந்திருந்தது.

"அந்த ரூம் கதவுதான் சேர். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா தொறந்து ஒரே சத்தத்தையே போடுது. அந்தச் சத்தத்தக் கேட்டாலே எனக்குக் கூட்டுன கணக்கெல்லாம் மறந்து போகுது."

ஜோசப்பின் கூரையைப் பார்த்தாள். லோஜன் தன் கால் சப்பாத்தைப் பார்த்தான். டக்ளஸ் எழுந்து போய்க் கதவைத் திறந்தார், மூடினார், காதை வைத்துக் கேட்டார். பிறகு திரும்பி, இவ்வளவு நாளும் இதைத் தன்னிடம் சொல்லாமல் அவள் தாங்கிக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டார். கிருஷாந்திக்கு அழுகை வருவது போலவும் இருந்தது, சிரிப்பு வருவது போலவும் இருந்தது.

அன்று மத்தியானமே ஸ்டேப்ளரைச் சணல் கயிற்றால் மேசையோடு கட்டிப்போட்டார்கள். கலண்டரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தார்கள். அதன்பிறகு அந்த வரி அலுவலகத்தில் இன்று என்ன தேதி என்று ஜோசப்பினைத் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் போனது; லோஜன் ஒவ்வொரு கடிதத்துக்கும் அவளிடமே போய்க் கேட்க வேண்டியதாயிற்று. அவளும் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னாள்.

கதவுக்குத் தச்சர் சுகந்தன் வந்தார்; தச்சர்களை அங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கீல் துருப்பிடித்திருக்கிறது, மரமும் ஈரத்தில் ஊதியிருக்கிறது, பட்டறைக்குக் கொண்டுபோய்த்தான் சரிபண்ண வேண்டும் என்று கதவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

அதற்குப் பிறகுதான் கிருஷாந்தி எதிர்பாராதது நடந்தது. கடைசித் தேதியைத் தவறவிட்டவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். முன்பெல்லாம் ஜோசப்பின் மேசையில் காத்திருந்து, பிறகு கிருஷாந்தியிடம் வருவார்கள். இப்போது படியேறியதும் எதிரே, கதவில்லாத அறையில், பெரிய மேசைக்குப் பின்னால் முதலாளியே முழுசாகத் தெரிந்தார். பெரிய ஆளே சும்மா இருக்கும்போது சின்ன ஆட்களிடம் ஏன் போக வேண்டும் என்று எல்லோரும் நேரே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்கள். டக்ளஸ் காலையில் கணக்கு கேட்டார், மத்தியானம் குடும்பச் சண்டை கேட்டார், பின்னேரம் ஒருவருடைய முழங்கால் ஒப்பரேஷன் பற்றிக் கேட்டார். "முடிஞ்சுதா?" என்று வெளியே வந்து கேட்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. கிருஷாந்தி மாலுபாணைச் சூடாகச் சாப்பிட்டாள். வருடக் கணக்கில் முதல்முறையாக ஒரு கூட்டலை ஒரே தடவையில் முடித்தாள்.

டக்ளஸ் வாடிப்போனார். கதவு எப்போது வரும் என்று தினமும் பாஸுக்குப் போன் பண்ணினார். இது நீடிக்காது என்று கிருஷாந்திக்குப் புரிந்தது. ஒருநாள் பஸ் ஏறும் முன் தச்சுப் பட்டறைக்குப் போனாள். பாஸுக்கும் ரிட்டர்ன் பாக்கியிருந்தது அவளுக்குத் தெரியும்.

"ஒங்க ரிட்டர்ன நான் ஒக்காந்து முடிச்சுத் தாறேன் பாஸ். நீங்க அந்தக் கதவ அவசரப்படாம செய்யுங்க. நல்லா நேரம் எடுத்துச் செய்யுங்க."

அவள் சொன்னபடியே மறுநாளே முடித்துக் கொடுத்தாள். இந்த ரிட்டர்ன் விஷயம் ரொம்ப நாளாகப் பாஸின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்ததாம். நன்றியில் அவர் உருகிப்போனார். மிஸ் நேரம் எடுத்துச் செய்யச் சொன்னது வேலை நேர்த்தியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று அவர் நம்பிவிட்டார். புதிதாகப் பித்தளைக் கீல் போட்டார். ஓரம் முழுக்க இழைத்தார். எண்ணெய் விட்டார், மெழுகு தேய்த்தார், அடியில் கம்பளித் துண்டும் ஒட்டினார். ஒரு கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுத் திறந்தாலும் விழிக்காது என்று பெருமையாகச் சொல்லி, கிறிஸ்மசுக்கு முன்னாலேயே கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் கிருஷாந்தி விஜிதரனோடு போனில் இருந்தாள். அவர் மறுபடியும் தண்ணீர்த் தாங்கி மேல் நின்றார். அனுப்பிய ரிட்டர்னில் ஏதோ ஒரு திருத்தத்துக்காக மறுபடியும் ஒரு நம்பர் வந்திருந்தது. அவர் ஐந்தாவது இலக்கம் வரைக்கும் கதையேதும் இல்லாமல் வந்துவிட்டார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"முடிஞ்சுதா?"

கிருஷாந்தி அலறினாள். அவள் அலறியதைக் கேட்டு ஜோசப்பின் அலறினாள். தூங்கிக்கொண்டிருந்த லோஜன் எழுந்து நின்று, "முடிஞ்சுது சேர்," என்றான். டக்ளஸ் கையிலிருந்த டீ முழுவதும் அவருடைய சட்டையிலேயே கொட்டிவிட்டது. போனில் விஜிதரன், அங்கே என்ன, சிறுத்தை ஏதும் வந்துவிட்டதா என்று பதறிக்கொண்டிருந்தார். நம்பர் செத்துப்போனது.

"நான் மெதுவாத்தானே வந்தேன் பிள்ள," என்றார் டக்ளஸ். முகம் வெளுத்திருந்தது.

அன்றிரவு அவர் நன்றாக யோசித்திருக்க வேண்டும். மறுநாள் காலை அறைக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. பிறகு அது பாட்டு என்று புரிந்தது. கர்த்தர் பிறந்த சந்தோஷத்தைப் பாடிக்கொண்டே டக்ளஸ் வெளியே வந்தார். இனிமேல் யாரும் பயப்படக்கூடாது என்பதற்காக வெளியே வரும்போதெல்லாம் பாடிக்கொண்டே வருவதாக முடிவு செய்திருந்தார். சேர்ச் பாடகர் குழுவில் பல வருடங்களுக்கு முன் அவரைக் கடைசி வரிசையில் நிறுத்தி, வாயை மட்டும் அசைக்கச் சொன்னதாக ஜோசப்பின் தாழ்ந்த குரலில் சொன்னாள். ஏன் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

கிறிஸ்மஸ் போனது. பொங்கல் போனது. பாட்டு போகவில்லை. ஆனால் அறையிலிருந்து கிருஷாந்தியின் மேசைக்கு வர டக்ளஸுக்கு ஒரு முழுச் சரணம் ஆனது. அந்தச் சரணத்துக்குள் அவள் மாலுபாணை மூடிவைத்து, வாயைத் துடைத்து, ஒரு பெரிய தொகையைக் கணினியில் கொண்டுவந்து, அதைக் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கப் பழகியிருந்தாள். லோஜன் அதே சரணத்துக்குள் விழிக்கப் பழகியிருந்தான்.

தைமாதக் கடைசியில் விஜிதரன் ஒரு சாக்கு முட்டைக்கோவாவோடு படியேறி வந்தார். தாங்கி மேலிருந்து தான் கொடுத்த தொந்தரவுக்கு அதுதான் பரிகாரமாம். அவர் சாக்கை இறக்கி வைக்கவும் உள்ளேயிருந்து பாட்டு தொடங்கவும் சரியாக இருந்தது. விஜிதரன் திடுக்கிட்டு, கம்பளித் தொப்பியைக் கழற்றி, கையைக் கட்டிக்கொண்டு, தலைகுனிந்து நின்றார். இவர்களுடைய சேர் கிறிஸ்தவ வேதக்காரர், ஜெபம் நடக்கிறது என்று நினைத்துவிட்டார். தன்னைவிட வயதான விஜிதரன் நிற்கும்போது தான் உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை என்று கிருஷாந்தியும் எழுந்தாள். அவளைப் பார்த்து ஜோசப்பின் எழுந்தாள். லோஜன் எதற்கென்றே தெரியாமல் எழுந்தான்.

சத்தமில்லாத கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த டக்ளஸ், அலுவலகமே எழுந்து நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவர் கண் கலங்கியது. அவர்களை ஏமாற்ற மனமில்லாமல், நெஞ்சில் கை வைத்து இரண்டாவது சரணத்தைத் தொடங்கினார்.